அக்கா ஊர் மணல்

சில வருடங்களுக்கு முன்னால், பெங்களூரு ஒசூர் ரோட்டில், பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் கேன்டீனில் ஒரு மத்தியான வேளை எல்லோருக்கும் கேசரி கொடுத்தேன். முந்திரி, திராட்சை போட்டு, நெய் விரலில் ஒட்டும்படி கிண்டிய கேசரி. அதில் முதல் கரண்டியை யாருக்கு வைத்தேன் என்பதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. கேசரி கொடுத்ததெல்லாம் ஒரு அனுபவமா என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் பிறந்தது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மீனவ ஊர். புதுச்சேரிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி வந்தது பெங்களூருக்கு. வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார், நான் சுவிட்ச் தயாரிக்கும் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். சந்தாபுராவில் வாடகை வீடு. தினமும் காலையில் கம்பெனி வேன் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சட்டென்று வரும். அது உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருப்பது நல்லது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அங்கே பேச்சுத்துணை என்று யாரும் இல்லை. ஒருநாள் கேன்டீனில், அப்போதுதான் சேர்ந்திருந்த ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அந்த மேசையில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். அவள் பாட்டுக்குத் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கோ அந்த வாசனை வந்ததும் எங்கள் ஊர்க் கரையே எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. என் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"எந்த ஊரு?" என்று கேட்டேன்.

அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் ஊருக்கு வடக்கே, நடந்து போகிற தூரத்தில் இருக்கிற அடுத்த ஊர். அங்கே இருந்த காலத்தில் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இவ்வளவு தூரம் வந்து, கடலே இல்லாத ஊரில் பார்த்துக்கொள்கிறோம்.

"அப்ப நீ தங்கச்சி ஊரா?" என்றாள் அவள்.

இதை விளக்க வேண்டும். எங்கள் இரண்டு ஊர் அம்மன்களும் அக்கா தங்கை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவர்கள் ஊர் அம்மன் அக்கா, எங்கள் ஊர் அம்மன் தங்கை. மாசி மகத்தன்று தங்கை புறப்பட்டு அக்கா ஊர்க் கரைக்குப் போவாள். அங்கேதான் இரண்டு பேருக்கும் கடலில் தீர்த்தவாரி. ஏனென்றால் அவர்கள் கரை அவ்வளவு அகலம். வெறும் காலோடு வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தால் பாதி வழியில் கால் சுட்டு உட்கார்ந்துவிடலாம், அப்படி ஒரு மணல். சாமி வந்து இறங்குவதற்கென்று கரையில் சின்னதாக ஒரு மண்டபமும் கட்டியிருந்தார்கள். முதலில் அக்கா குளிப்பாள், அப்புறம்தான் தங்கை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் எப்போதும் லேசாக ஒரு கடுப்பு உண்டு.

வயதில் அவள் என்னைவிடச் சின்னவள். ஆனாலும், "ஊர் வழியில நான்தான் அக்கா, மரியாதையா கூப்பிடு" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். நானும் விளையாட்டாக "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. வேனில் யார் முதலில் ஏறினாலும் இன்னொருத்திக்குப் பக்கத்துச் சீட்டில் பையை வைத்து இடம் பிடிப்போம். எங்கள் லைனில் இருந்த கன்னடப் பெண்கள் அவளை என் கூடப்பிறந்தவள் என்றே நினைத்திருந்தார்கள். நாங்களும் மறுத்துச் சொல்லவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி சிவாஜிநகர் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போவோம். சந்தாபுராவிலேயே மீன் கிடைக்கும், ஆனால் எங்களுக்கு மனசு ஆறாது. கடைக்காரர்கள் எங்களைக் கண்டாலே பயப்படுவார்கள். நான் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது எப்ப செத்துச்சுன்னு அதுக்கே மறந்து போயிருக்கும்" என்பேன். கடைக்காரர், "அரே அக்கா, காலையில வந்த மாலு. பொய் சொன்னா நான் உருப்படமாட்டேன்" என்பார். அவள் ஒன்றும் பேசமாட்டாள். மீனின் வயிற்றில் ஒரு விரலை வைத்து அழுத்திவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவாள். நான் கத்தித் தொண்டை வறண்டு நிற்கும்போது அவள் நல்ல சங்கராவாகப் பார்த்து வாங்கி முடித்திருப்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. கடைசியில் ஊருக்கே போய்விட வேண்டும். கரைப் பக்கம் அவள் அப்பா கட்டிய வீட்டில் அவள் அம்மா தனியாக இருந்தார். தம்பி தனிக்குடித்தனம் போய், கடல் தொழில் பார்த்துக்கொண்டிருந்தான். "பொண்ணு படிப்பு முடியட்டும், அன்னைக்கே பெட்டியக் கட்டிருவேன். வாசல்ல உக்காந்தா கடல் தெரியும். அது போதும் எனக்கு" என்பாள். நான் கேலி செய்வேன். எனக்கு அந்த ஆசை இல்லை என்றில்லை. அப்போது எங்கள் ஊரில் திரும்பிப் போவதற்குக் கரையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

கடற்கரை மணலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அது ஓரிடத்தில் நிற்பதில்லை. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் எங்கள் பக்கத்து அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது கொஞ்சம் திருப்பிக் கொண்டுவரும். இருக்கிற மணல் போகும், தெற்கேயிருந்து புது மணல் வரும். நடுவில் யாராவது கடலுக்குள் ஒரு சுவரை நீட்டினால், அதற்குத் தெற்கே மணல் சேர்ந்துகொள்ளும். வடக்கே வரவேண்டியது நின்றுபோகும், ஆனால் போகவேண்டியது போய்க்கொண்டேதான் இருக்கும். இதெல்லாம் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

எங்களுக்குத் தெற்கே எப்போதோ கடலுக்குள் சுவர் கட்டிவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் கரை தேய ஆரம்பித்தது. முதலில் வலை காயப்போடும் இடம் போனது. அப்புறம் தென்னை மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கடைசியில் போட்டை இழுத்து ஏற்றுவதற்குக்கூட மணல் இல்லை. கரையில் ஏற்றாத ஃபைபர் போட்டை அலை தூக்கி அடித்தால் ஒரே நாளில் ஓட்டாஞ்சில்லாகிவிடும். என் அண்ணனுக்கு இருந்தது ஒரே போட்டு. ஒருநாள் காலை வேனில் வரும்போது போன் செய்து, "எங்கடி ஏத்தறது, தலை மேலயா தூக்கி வச்சுக்கறது?" என்று அழுதான். அண்ணன் அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு நானும் அழுதேன்.

பக்கத்துச் சீட்டில் இருந்த அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், "எங்க கரையில ஏத்தச் சொல்லு. நான் தம்பிகிட்ட பேசறேன்" என்றாள்.

இது சாதாரண விஷயம் இல்லை. ஒரு ஊர்ப் போட்டு இன்னொரு ஊர்க் கரையில் நிற்பது எங்கள் பக்கத்தில் லேசில் நடக்காது. வலை சிக்கியது, எல்லை தாண்டியது என்று எவ்வளவோ பழைய சண்டைகள் இருக்கும். அவள் தம்பி ஊர்ப் பஞ்சாயத்தில் போய்ப் பேசினான். அவர்களும் கூடிப் பேசி, "தங்கச்சி ஊருதானே, நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனுடைய போட்டு மட்டும் இல்லை, எங்கள் ஊர்ப் போட்டுகள் அத்தனையும் அவர்கள் மணலில் ஏறின. கடலிலிருந்து வந்ததும் அண்ணன் அவள் அம்மா வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டுத்தான் ஊருக்கு நடப்பான். அந்த அம்மா எனக்காக அண்ணனிடம் கருவாடு கொடுத்து அனுப்புவார். அது பெங்களூருக்கு வந்து சேர்ந்ததும் நாங்கள் இருவரும் பங்கு போட்டுக்கொள்வோம்.

அதற்கிடையில் எங்கள் ஊரில் கல் கேட்டுப் போராட்டம் நடந்தது. தூண்டில் வளைவு என்று பேப்பரில் எழுதுவார்களே, கரையிலிருந்து கடலுக்குள் தூண்டில் முள் மாதிரி வளைந்து போகும் கருங்கல் மேடு, அதுதான். தெற்கே கட்டிய சுவரால்தான் எங்கள் மண் போனது, எங்களுக்கு வழி சொல்லுங்கள் என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. நானும் லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, முதல் வரிசையில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். கடைசியில் கல் வந்தது. லாரி லாரியாகக் கொட்டினார்கள். ஒரு வெயில் காலம் போய்த் திரும்புவதற்குள் எங்கள் கரையில் மணல் சேர ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுகிற வீடியோவை அண்ணன் அனுப்பினான். அதை எத்தனை தரம் போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் போட்டுகளெல்லாம் அவள் ஊர்க் கரையிலிருந்து கிளம்பி, மாலை போட்டுக்கொண்டு எங்கள் கரைக்குத் திரும்பின.

மறுநாள்தான் அந்தக் கேசரி.

"இந்தாடி அக்கா, முதல் கரண்டி உனக்குத்தான்" என்று அவள் தட்டில் வைத்தேன்.

"அக்காங்கற, கூடவே 'டி'யும் போடற. ரெண்டுல ஒண்ணு வச்சுக்க" என்று சிரித்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இனிமே உங்க அண்ணன் டீ குடிக்க எங்க வீட்டுக்கு வரமாட்டாரு. எங்க அம்மாவுக்குத்தான் பேச்சுத்துணை இல்லாம போச்சு" என்றாள். அவள் முகத்தில் இருந்தது நிஜமான சந்தோஷம். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த வருடமே அவர்கள் கரை தேய ஆரம்பித்தது. அவள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். மணல் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டுப்பட்டிருந்தது, கத்தி வைத்துக் கேக் வெட்டின மாதிரி. "இது வருஷா வருஷம் நடக்கறதுதானே, வாடைக்காத்து வந்தா திரும்பிடும்" என்றேன். அவளும், "ஆமாம், திரும்பிடும்" என்றாள். திரும்பவில்லை. அடுத்த வீடியோவில் ஒரு தெருவிளக்குக் கம்பம் தண்ணீருக்குள் நின்றது. அதற்கடுத்து மாசி மக மண்டபம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அதற்கப்புறம் அவள் எனக்கு வீடியோ காட்டுவதை நிறுத்திவிட்டாள். நானாகவும் கேட்கவில்லை. மீன் விலை, சூப்பர்வைசர், அவள் பெண்ணின் பரீட்சை என்று மற்றதையெல்லாம் பேசினோம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் தம்பி போன் செய்தான். கை எச்சிலாக இருந்ததால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் அவன் என்னிடம் பேசினான்.

"அக்கா, உங்க ஊர்ல கல்லு கொட்டினப்புறம்தான் இங்க இப்படி ஆவுது. எங்களுக்கு வரவேண்டிய மண்ணு அங்கயே நின்னுடுது. உங்க அண்ணனுக்கே தெரியும், வேணும்னா கேட்டுப் பாருங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏம்ப்பா, உங்க மண்ணை நாங்க என்ன கூடை வச்சா அள்ளினு வந்தோம்? எங்க ஊரு கடலுக்குள்ள போவும்போது நாங்க கையைக் கட்டினு நிக்கணுமா? கல்லு கொட்டினவங்களைப் போய்க் கேளு. என்னைக் கேட்டா?" என்று கத்தினேன். பக்கத்து மேசையெல்லாம் திரும்பிப் பார்த்தது.

அவன், "உங்களைக் கேக்கலக்கா. யாரைக் கேக்கறதுன்னு தெரியல" என்றான்.

அவள் புறங்கையால் போனை இழுத்து, "தம்பி, அப்புறம் பேசறேன்" என்று நிறுத்தினாள். என்னைப் பார்த்து, "சாப்பிடு, ஆறுது" என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன், அழுது சமாதானமாகியிருப்போம். சாயங்காலம் வேனில் ஏறினால், பக்கத்துச் சீட்டில் வழக்கம்போல அவள் பை இருந்தது. எனக்காகத்தான் வைத்திருந்தாள். உட்கார்ந்தேன்.

அந்த ஐப்பசியில் அவள் வீடு போய்விட்டது. முன் சுவரும் கூடமும் ஒரே பகலில் விழுந்தன. தம்பியும் ஊர்ப் பையன்களும் அதற்கு முன்பே சாமான்களை எடுத்துவிட்டதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பி வீடும் கரைப்பக்கம்தான், எப்போது போகுமோ என்று இருந்தது. அதனால் அவள் அம்மாவைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பார்க்கப் போனேன். அவள் வாடகைக்கு இருந்தது ஒரு ரூம், ஒரு சமையலறை. வாசலை ஒட்டிய நடையில், சுவரில் சாய்த்து, ஒரு பெரிய தேக்குக் கதவு. ஊர் வீட்டின் தலைவாசல் கதவு. சின்ன லாரியில் மற்ற சாமான்களோடு அதையும் ஏற்றி வந்திருந்தார்கள்.

வீட்டு ஓனர் அதைப் பார்த்துவிட்டு, "ஏனம்மா இது, ஒரு வீட்டுக்கு ரெண்டு பாகிலா, ரெண்டு கதவா? நடக்க இடம் வேணாமா?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கன்னடத்தில் ஏதோ சமாதானம் சொன்னாள். அவள் அம்மா உள்ளே இருந்தபடி, "திரும்ப வீடு கட்டினா வேணுமில்ல?" என்றார்.

என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தங்கச்சி ஊருப் பொண்ணுதானே நீ? வா, வா. உங்க அண்ணன் நல்லாருக்கானா? டீக்குச் சக்கரை கம்மியா கேப்பான்" என்றார். நான் வெளியே வந்து அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கதவின் கீழ்ப்பக்கம் உப்புத் தண்ணீர் ஊறி வெளுத்திருந்தது. அவள் வந்து, "அம்மா பாத்தா அதுவும் அழும். மூஞ்சியக் கழுவிட்டு வா, டீ ஆறுது" என்றாள். எப்போதும் இவளுக்கு ஏதாவது ஒன்று ஆறிக்கொண்டே இருக்கும். நம்மை அழவிடமாட்டாள்.

அந்த வருட மாசி மகம் வந்தபோது அக்கா ஊரில் சாமியை இறக்குவதற்கு மணல் இல்லை. இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் பேசி, இந்தத் தடவை அக்கா தங்கை ஊருக்கு வரட்டும் என்று முடிவு செய்தார்கள். அப்படி ஒன்று நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. நானும் அவளும் லீவு போட்டுவிட்டு ஒன்றாகவே பஸ் ஏறினோம். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திண்டிவனம் என்று வழி நெடுக அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். நான் ஒரு தரம், "அக்கா தங்கச்சி வீட்டுக்கு வர்றதுல என்ன கௌரவக் குறைச்சல்?" என்று பேச்சை ஆரம்பித்தேன். "ஒண்ணும் இல்ல" என்றாள்.

எங்கள் கரை அன்றைக்குத் திருவிழாக் கோலத்தில் இருந்தது. பந்தல், மேளம், ஐஸ் வண்டி, பலூன். மணல் அவ்வளவு அகலமாக இருந்தது. முன்பெல்லாம் கரை வழியாகவே சாமியைத் தூக்கிக்கொண்டு போவோம். இப்போது வழியில் கரை இல்லாததால், அக்கா அம்மனை டிராக்டரில் வைத்து மெயின் ரோட்டைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஆரத்தி எடுத்து வரவேற்றோம். என் கையிலும் ஒரு தட்டு இருந்தது. எதிரில் அவர்கள் ஊர்ப் பெண்கள் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அப்போது சொந்த வீடு இல்லை. எல்லோரும் நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

தீர்த்தவாரிக்கு நேரம் வந்தது. எங்கள் பஞ்சாயத்தார், "வழக்கப்படி அக்கா முதல்ல இறங்கட்டும்" என்றார்கள். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அந்த ஒன்றாவது மாறாமல் இருக்கிறதே என்று. ஆனால் அவர்கள் ஊர்ப் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு, "கரை உங்களுது. நாங்க விருந்தாளி. நீங்க முதல்ல இறங்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவோ வற்புறுத்தியும் கேட்கவில்லை. கோபத்தில் சொன்ன மாதிரியும் இல்லை. எங்கள் அம்மன் முதலில் கடலில் இறங்கினாள். இத்தனை வருடமாக எங்கள் ஊர்க்காரர்கள் மனதுக்குள் ஆசைப்பட்டது அதுதான். அன்றைக்கு ஒருத்தர்கூடக் குலவை இடவில்லை.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஈரமணலில் நின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன். குனிந்து ஒரு பிடி மணல் எடுத்து, மார்க்கெட்டில் மீனைப் பார்ப்பது போலவே விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நல்ல மண்ணு" என்றாள். "இதுல பாதி எங்களுதா இருக்கும், இல்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், வழக்கமான கேலி போல. நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் கையை உதறி மணலைத் தட்டிவிட்டு, "வா, பிரசாதம் தீந்துடப் போவுது" என்று நடந்தாள்.

சமீபத்தில்தான் அவள் ஊருக்கும் கல் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தது. ஊரில் மிச்சமிருக்கிற வீடுகளாவது தப்பிக்கும். வெளியூரில் இருப்பவர்களெல்லாம் ஒருநாள் வந்து நின்றால் மனு கொடுக்க வலுவாக இருக்கும் என்று தம்பி போன் செய்தான். அதே கேன்டீன், அதே மேசை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். "நானும் வர்றேன், முதல் வரிசையில உக்காந்து நான் கத்தறேன். கல்லு வந்தா நானே அண்டா நிறைய கேசரி கிண்டறேன்" என்றேன்.

அவள் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்களுக்கு வடக்க இருக்கற ஊர்ல நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "எதுக்கு?" என்றேன்.

"இல்ல, கல்லு வந்தா மண்ணு எங்ககிட்ட நின்னுடும். அவங்களுக்குப் போவாது. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லணுமில்ல. அவங்களையும் சேத்துக் கேக்கலாமான்னு பாக்கணும். பாவம், தெரியாம இருப்பாங்க."

தெரிந்தவர் யாரும் இல்லை என்றேன். "விசாரிக்கணும்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள். சொன்னதோடு விடவில்லை. வேனில், கம்பெனி கேட்டில், சந்தாபுரா சந்தையில், கடலோரத்துப் பேச்சு யார் பேசினாலும் நிறுத்தி, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்கிறாள். இதுவரைக்கும் அந்த ஊர்க்காரர் யாரும் கிடைக்கவில்லை. தம்பியிடமும், "அந்த ஊர்ப் பஞ்சாயத்துல போய் ஒரு வார்த்தை பேசிட்டு வா, அப்புறம் நான் மனு கொடுக்க வர்றேன்" என்று சொல்லியிருக்கிறாள். ஊரில் சிலருக்கு இதில் கோபம். நம்ம வீடு போகும்போது யாராவது வந்து சொன்னார்களா என்று கேட்கிறார்களாம். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

அந்தக் கல் இல்லாவிட்டால் என் அண்ணன் பிழைப்பு போயிருக்கும். அதனால் கல் கேட்டது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. என் வருத்தம் அது இல்லை. அவளுக்கு வடக்கே யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது, அதனால் பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்களுக்கு வடக்கே யார் இருந்தார்கள் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வேனில் தினமும் என் பக்கத்துச் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு நான் கேசரி கொடுத்தேன்.